பழைய ஜிப்சியில் 1.3 லிட்டர் எஞ்சின்: சென்னையில் ஓட்டிய அனுபவம்

ஜப்பானின் சுசுகி ஜிம்னியை அடிப்படையாகக் கொண்டு 1985-இல் இந்தியாவுக்கு வந்த மாருதி ஜிப்சியின் தொடக்கக்கால மாடல் ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அதன் 970 சி.சி. கார்புரேட்டர் எஞ்சினின் திறன் 45 குதிரைத்திறன்தான். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பேருந்தை முந்துவதற்குள் அது திணறிவிடும். அதை இறக்கிவிட்டு, அதன் பிந்தைய மாடலான ஜிப்சி கிங்கில் பின்னாளில் வந்த 1298 சி.சி., 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினைப் (கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் வகை) பொருத்தினேன். 80 குதிரைத்திறன் கொண்ட இந்த எஞ்சின், கத்திப்பாரா மேம்பாலத்தில் கியரை இறக்காமலே ஏறுகிறது.

எஞ்சினை மட்டும் தனியாக வாங்கிப் பயனில்லை. ஐந்து கியர் கியர்பாக்ஸ், இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), வயரிங் ஹார்னஸ் (மின்கம்பித் தொகுப்பு) எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடுபவர்கள், கனெக்டர் வெட்டப்பட்ட ஹார்னஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொட வேண்டாம். கார்புரேட்டருக்குப் போதுமான பழைய மெக்கானிக்கல் பம்ப், இன்ஜெக்டர்களுக்குத் தேவையான அழுத்தத்தைத் தராது. மின்பம்பும், மிஞ்சும் பெட்ரோலைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயும் அவசியம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடும் என்பதால், எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் அதைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன்.

ஆனால், சென்னையில் இந்த வேலை நிலைக்குமா என்பதை முடிவு செய்வது ரேடியேட்டர்தான். மே மாத மதியத்தில் கிண்டி நெரிசலில் நிற்கும்போது எதிர்காற்று இருக்காது. வெப்பம் முழுவதையும் விசிறியே இழுத்தாக வேண்டும். தடித்த கோர் கொண்ட ரேடியேட்டரும் தெர்மோ சுவிட்சில் இயங்கும் மின்விசிறியும் இருந்தாலும், விசிறியைச் சுற்றி ஷ்ரவுட் எனும் உறை இல்லையென்றால் சூடான காற்றே ஓரங்கள் வழியாகத் திரும்பத் திரும்பச் சுழலும். தகடு வெட்டி, விளிம்பில் ரப்பர் பீடிங் வைத்து அந்த இடைவெளியை அடைத்த பிறகு, வெப்பமானியின் முள் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிற்கிறது. விசிறி ஓடத் தொடங்கியதும் ஒரு நூல் இறங்குகிறது, அணைந்ததும் மெல்ல ஏறுகிறது. இந்த எஞ்சினின் ஹெட், பிளாக் இரண்டும் அலுமினியம் என்பதால் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றவே கூடாது, அரிப்பைத் தடுக்கும் கூலன்ட் கட்டாயம்.

கடற்காற்றில் தரைத்தகடும் பின்சக்கர வளைவுகளும் அரித்திருந்தன. அவற்றின் மேல் பட்டி பூசி மறைக்காமல், வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னேன். இன்றுவரை ஒரு கொப்புளம்கூட எழவில்லை. வேளச்சேரியில் தண்ணீர் தேங்கும் மாதங்களை நினைத்து, இ.சி.யு.வை டாஷ்போர்டுக்குள் இயன்ற அளவு உயரத்தில் மாட்டினோம். முன்சக்கரங்களின் டிரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றி, பிரேக் மிதிக்கு விசை கூட்டும் பூஸ்டரும் வைத்த பின்னரே அதிக வேகத்துக்குப் போனேன்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) மாறுபடும்படி வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த வண்டியை ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது எஞ்சின் எண்ணைச் சரிபார்ப்பார்கள். ஆகவே, மாற்று எஞ்சினின் பில்லையும் அது இருந்த வண்டியின் ஆர்.சி. நகலையும் வாங்கி வைத்துக்கொண்டு முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் செல்லுங்கள், எழுத்துபூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை பழைய எஞ்சினின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற வேண்டாம்.