ஓசிமெர்டினிப் பலனிழந்த பிறகு எந்தக் கூட்டு?

இ.ஜி.எஃப்.ஆர் (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்) மரபணுவில் திரிபு உள்ள நுரையீரல் புற்றுநோயை ஓசிமெர்டினிப் மாத்திரை பல மாதங்கள் அடக்கி வைக்கும். பிறகு பெரும்பாலும் கட்டி அதற்குத் தப்ப வழி கண்டுபிடித்துவிடுகிறது. அந்த நிலையில் வழக்கமான கீமோவுடன் எதைச் சேர்ப்பது, அல்லது அதை விட்டு எதற்கு மாறுவது?

பலருக்கும் முதலில் தோன்றுவது நோயெதிர்ப்பு மருந்து. கீனோட்-789 ஆய்வு அந்த ஆசையைத் தணித்துவிட்டது. கீமோவுடன் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலம் 5.6 மாதம், சேர்க்காதபோது 5.5. இதை இங்கேயே விட்டுவிடலாம்.

உண்மையான போட்டி அமிவான்டமாப், சவோலிடினிப் என்ற இரண்டு மருந்துகளுக்கும்தான். அமிவான்டமாப் இரட்டைக் கொக்கி போன்ற எதிர்ப்புரதம்: ஒரு கை இ.ஜி.எஃப்.ஆரையும் மறுகை மெட் என்ற இன்னொரு வளர்ச்சிப் புரதத்தையும் பிடிக்கிறது. மாரிபோசா-2 ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த காலம் கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு 4.2 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 6.3 மாதம். கட்டி எப்படித் தப்பியது என்று தெரியாவிட்டாலும் கொடுக்கலாம் என்பதே இதன் பலம். அதற்கான விலையை உடல் கொடுக்கிறது. முதல் முறை மருந்து ஏறும்போதே குளிர் நடுக்கமும் மூச்சிரைப்பும் வரலாம் என்பதால் முதல் அளவை இரண்டு நாள்களாகப் பிரித்து ஏற்றுகிறார்கள். தோல் தடிப்பும் நகக்கண் வீக்கமும் பிறகு வரும். கடுமையான பக்கவிளைவுகள் கீமோ மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காடு, கூட்டில் 72.

சவோலிடினிப் வேறு ரகம். ஓசிமெர்டினிப்பை நிறுத்தாமல் இந்த மாத்திரையையும் சேர்த்து விழுங்கினால் போதும்; கீமோவே இல்லை. ஆனால் மெட் மரபணு பெருகியதால் தப்பிய கட்டிக்கு மட்டுமே இது பொருந்தும். சீனாவில் நடந்த சாச்சி ஆய்வில் கீமோவுக்கு 4.5 மாதம், இந்த இணைக்கு 8.2. கடுமையான பக்கவிளைவுகள் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமம்.

அதற்காக 8.2 பெரிது, 6.3 சிறிது என்று தராசில் வைக்கக் கூடாது. சாச்சியில் சேர்ந்தவர்கள் மெட் பெருக்கம் உறுதியானவர்கள். அவர்களில் சிலர் ஓசிமெர்டினிப் போன்ற புதிய மாத்திரையைத் தொட்டதே இல்லை. மாரிபோசா-2இல் மெட் பெருக்கத்தை வைத்து வடிகட்டவில்லை.

மெட் பெருக்கம் தெரிந்தால் நான் மாத்திரை இணையின் பக்கம், தெரியாவிட்டால் அமிவான்டமாப். கட்டி சிறுசெல் என்ற வேறு வகை நுரையீரல் புற்றுநோயாக உருமாறியிருந்தால் இரண்டுமே உதவாது. அதை இரத்தப் பரிசோதனையை நம்பிச் சொல்லிவிட முடியாது. மறுபடி ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்க்க வேண்டும்.