மூன்று வருஷ கோட்டிங் என்று 1,800 வெள்ளி வாங்கினார்கள், ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை

கோலாலம்பூரில் புதுக் காடி எடுத்தவர்கள், எடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள். காடியின் சாயத்தைப் பாதுகாக்க மேலே பூசும் செராமிக் கோட்டிங் போடுகிறோம் என்று சொல்லி, காடியைக் கழுவி மெருகேற்றும் ஒரு டீட்டெய்லிங் கடை என்னிடம் 1,800 வெள்ளி வாங்கிக்கொண்டு, கழுவினால் போய்விடுகிற எதையோ பூசி அனுப்பியிருக்கிறது. கேட்கப் போனால் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை மறுபடியும் காசு கட்டிப் பூச வேண்டுமாம். நேற்று என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். எதை எவ்வளவு காலத்துக்கு ஒரு தடவை பூச வேண்டும், கடையில் என்னென்ன கேட்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் இருப்பது செந்தூலில், அடுக்குமாடி வீடு. கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை கிடையாது. மேலே பெரிய மரம், மரம் நிறைய மைனா. வேலை பெட்டாலிங் ஜெயாவில், அங்கேயும் வெட்டவெளியில்தான் நிறுத்த வேண்டும். காலையில் பறவை எச்சம், மத்தியானம் கொதிக்கிற வெயில், சாயங்காலம் இடியோடு மழை. என் காடி கறுப்பு மைவி, ஒன்பது வருஷக் கடன். இந்த வெயிலில் எச்சத்தைத் துடைக்காமல் விட்டால் ஒரே நாளில் சாயத்தில் தடம் விழுந்துவிடும். அதற்காகத்தான் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த காசை எடுத்துக்கொண்டு கோட்டிங் போடப் போனேன். ஆடம்பரத்துக்காகப் போகவில்லை.

கடை ஒரு ஷாப்லாட்டில் இருக்கிறது. கண்ணாடிக் கதவு, கூரை முழுக்க வெள்ளை விளக்கு. பெயரை எழுதப் போவதில்லை. முன்னால் இருந்த தம்பி தமிழ்ப் பையன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டான். செந்தூல் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. “அக்கா, எங்க பாட்டியும் அங்கதான், ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தாங்க” என்றான். உட்காரச் சொல்லி மைலோ வாங்கிக் கொடுத்தான். அவன் தலைக்கு மேலே முருகன் படம், அன்றைக்குப் போட்ட பூ வாடாமல் இருந்தது. காட்சிக்கு வைத்திருந்த போனட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினான். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. “ஒன்பது எச்சுக்கா, கீறலே விழாது. மூணு வருஷத்துக்கு நீங்க கையே வைக்க வேணாம், வெறும் தண்ணி ஊத்துனா போதும்” என்றான். திரும்பப் பூச வேண்டியிருக்குமா என்று நான் கேட்டேன். தெளிவாகக் கேட்டேன். “சாமி படத்துக்கு முன்னாடி நின்னு சொல்றேன்க்கா, மூணு வருஷத்துக்கு ஒண்ணுமே செய்ய வேணாம். நம்ம ஆளுங்கள நான் ஏமாத்துவேனா?”

அந்த வார்த்தையில்தான் நம்பினேன். விலையில் ஒரு வெள்ளிகூடக் குறைக்கச் சொல்லவில்லை. அங்கேயே கியூஆர் ஸ்கேன் செய்து 1,800 வெள்ளியையும் அனுப்பினேன். கம்பெனிப் பெயருக்குப் பதில் திரையில் ஓர் ஆள் பெயர் வந்தது. கேட்டேன். “பாஸ் பேருக்கா, ரெண்டும் ஒண்ணுதான்” என்றான்.

காலையில் கொண்டு விட்டேன், மத்தியானமே காடி ரெடி என்று செய்தி வந்தது. பார்த்தால் கண்ணாடி மாதிரி மின்னியது, உண்மை. வீட்டுக்குத் திரும்பும்போது ஜாலான் கூச்சிங்கில் கொட்டுகிற மழை. உடனே போன் செய்து நனையலாமா என்று கேட்டேன். “ஒண்ணும் ஆகாதுக்கா, அதெல்லாம் காஞ்சிருச்சு.”

இது எவ்வளவு பெரிய பொய் என்று இப்போது எனக்குத் தெரியும். உண்மையான செராமிக் கோட்டிங் சிலிக்கா சேர்ந்த திரவம். சாயத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத படலமான கிளியர் கோட்டின் மேல் ஒட்டிப் பிடித்து இறுகுவதற்கு அதற்கு நேரம் வேண்டும். குறைந்தது ஒரு நாள் தண்ணீரே படக்கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பு போட்டுக் கழுவக்கூடாது என்றுதான் நல்ல கடைகளில் சொல்வார்கள். பூசுவதற்கு முன்னால் கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் மருந்து அடித்து, களிமண் கட்டியால் உருட்டி, பாலிஷ் போட்டு, எண்ணெய்ப் பசை இல்லாமல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். இத்தனையும் செய்து காய வைத்துக் கொடுப்பதற்கு ஒரு பகல் எப்படிப் போதும்?

கொஞ்ச வாரம்தான். தண்ணீர் உருள்வது நின்றுவிட்டது. போனட்டில் தண்ணீர் அப்படியே படலமாகத் தேங்கி, வெயிலில் காய்ந்து வெள்ளை வெள்ளையாய்த் தழும்பு. அதைவிட மோசம், வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கீறல். அந்தக் கீறல்கள் எல்லாம் அவர்கள் மெஷின் போட்டுத் தேய்த்தபோது விழுந்தவை. மேலே கிளேஸ் என்ற, கீறலை நிரப்பி மறைக்கும் பளபளப்புப் பூச்சைத் தடவி மறைத்திருக்கிறார்கள். மழை மழையாக அந்தக் கிளேஸ் போகப் போகக் கீறல் வெளியே வந்தது.

வாட்சாப்பில் படம் அனுப்பினேன். “மழைக்காலம்க்கா, எல்லா காடிக்கும் இப்படித்தான்” என்று பதில். இன்னும் படம் கேட்டான், பக்கவாட்டில், மேலிருந்து, விளக்கு வெளிச்சத்தில். எல்லாம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. போன் செய்தால் பாஸ் அவுட்ஸ்டேஷன். அடுத்த வாரமும் பாஸ் அவுட்ஸ்டேஷன். நேரில் போனேன். அந்தத் தம்பி பின்பக்கம் போய்விட்டான், வேறொருவன் வந்தான். “வெளிய நுரை அடிச்சுக் கழுவுற ஸ்னோ வாஷ் குடுத்தீங்களா? அப்ப வாரண்டி போச்சு.” வெறும் தண்ணீர் போதும் என்று சொன்னது உங்கள் ஆள்தானே என்றேன். அதற்கு அவன் சொன்னதை எழுதும்போது இப்போதும் உடம்பு எரிகிறது. “வீட்ல அண்ணன வரச் சொல்லுங்கக்கா, இது டெக்னிக்கல் விஷயம், அவருக்குச் சொன்னா புரியும்.”

காடி என் பெயரில் இருக்கிறது. கடனை நான் கட்டுகிறேன். அந்த 1,800 வெள்ளி என் காசு. இதில் எந்த அண்ணன் வர வேண்டும்?

வாரண்டி அட்டையைத் திருப்பிக் காட்டினான். எறும்பு எழுத்தில், மூன்று மாசத்துக்கு ஒரு முறை இதே கடையில் ‘மெயின்டனன்ஸ்’ செய்தால்தான் வாரண்டி செல்லும் என்று போட்டிருக்கிறது. ஒரு தடவைக்கு 280 வெள்ளி. மூன்று வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவை, கூட்டினால் 3,360 வெள்ளி. 1,800 வெள்ளி வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாமி படத்துக்கு முன்னால் நின்று சொன்னவன் வாயில் இது வரவில்லை. நான் விடாமல் பேசியதும், “சரிக்கா, உங்களுக்காகப் பாதி விலைக்குப் பூசித் தரோம்” என்றான். ஒழுங்காகச் செய்யாத வேலைக்கு நான் ஏன் மறுபடியும் 140 வெள்ளி கொடுக்க வேண்டும்?

எங்கள் மாமா ஒருவர் ஜாலான் ஈப்போ பக்கம் சாயப் பட்டறையில் பல வருஷமாக வேலை செய்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். அவர் எடுத்த எடுப்பில் கடையைத் திட்டவில்லை. “இரும்மா, சில நேரம் மேல அழுக்குப் படிஞ்சாலும் தண்ணி உருளாது, கோட்டிங் அடியில இருக்கும்” என்றார். நன்றாகக் கழுவி, இரும்புத் துகள் மருந்தும் அடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றினார். கோட்டிங் இருந்தால் இந்தக் கட்டத்தில் முத்து திரும்ப வர வேண்டும். வரவில்லை. கூரையிலும் கதவிலும்கூட வரவில்லை. செராமிக் இறுகிவிட்டால் ஷாம்புக்குப் போகாது, பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். அவர் கணக்கில் இது ஸ்பிரே சீலண்ட். பாட்டிலில் விற்பதை நாமே அடித்துத் துடைக்கலாம், நூறு வெள்ளிக்குள் கிடைக்கும்.

பிறகு சாயத்தின் கனம் அளக்கும் மீட்டரை வைத்தார். கூரையிலும் கதவிலும் 110 மைக்ரோன் பக்கம், போனட்டின் ஓரத்தில் 84. “பேனலுக்குப் பேனல் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்மா, இவ்வளவு இருக்காது” என்றார். இதில் கிளியர் கோட் மட்டும் பொதுவாக 40, 50 மைக்ரோன்தான் இருக்கும். வெயிலைத் தாங்குவது அதுதான். பாலிஷ் போடும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் தேய்ந்து போகும், போனது திரும்ப வராது. புதுக் காடியின் கிளியர் கோட்டைத் தேய்த்துவிட்டு, அதன்மேல் ஸ்பிரே அடித்து, 1,800 வெள்ளி வாங்கியிருக்கிறார்கள்! காசைக்கூட ஒருநாள் சம்பாதித்துவிடலாம். தேய்ந்துபோன போனட்டுக்கு யார் பதில் சொல்வது?

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், ஆனால் கடையின் பெயரை நினைத்தாலே கோபம் வருகிறது. மாமா சொன்னதில் முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கார்னோபா வேக்ஸ் நம் வெயிலுக்கு ஒரு மாசம், மிஞ்சினால் இரண்டு. ஸ்பிரே சீலண்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். செயற்கை சீலண்ட் பாட்டிலில் ஆறு மாசம் என்று போட்டிருந்தாலும், வெளியில் நிறுத்தும் காடி என்றால் மூன்று, நான்கு மாசத்தில் மறுபடி பூசிவிடுங்கள். தேதியைவிடத் தண்ணீரைப் பாருங்கள்: கழுவிய பிறகும் உருளாமல் படலமாக நின்றால் நேரம் வந்துவிட்டது. நல்ல செராமிக் ஒழுங்காகக் கழுவி வந்தால் வருஷக் கணக்கில் நிற்கும், மேலே அவ்வப்போது ஸ்பிரே அடித்தால் போதும், அதை நீங்களே செய்யலாம். திரும்பப் பூசும் ஒவ்வொரு தடவையும் பாலிஷ் போட விடாதீர்கள்.

தண்ணீர் உருண்டு ஓடுவதைக் காட்டினால் நம்பாதீர்கள், மலிவு வேக்ஸ் பூசினாலும் உருளும். அந்த ‘ஒன்பது எச்’ பென்சிலை வைத்துக் கீறிப் பார்க்கிற கணக்கு, கீறலே விழாது என்று அர்த்தம் இல்லை. அன்றைக்கே காடியைத் திருப்பிக் கொடுத்தால் என்ன பூசினார்கள் என்று கேளுங்கள், பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லி, எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைக் காசு கொடுப்பதற்கு முன் வாங்கிப் படியுங்கள். ஆள் பெயரில் இருக்கும் கணக்குக்குக் காசு அனுப்பாதீர்கள்.

1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் திரிபுனலில் 50,000 வெள்ளி வரை கேட்கலாம். மனு போட 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். நான் இந்தத் திங்கட்கிழமை போடுகிறேன். வாட்சாப் பேச்சு, காசு அனுப்பிய ரசீது, மீட்டர் படம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். உங்களுக்கும் இதே மாதிரி மூன்று மாசத்துக்கு 280 வெள்ளி என்று அட்டையைத் திருப்பிக் காட்டியிருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், நீங்களும் மனு போடுங்கள்.