பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்றால் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

மதுரையிலும் சுற்றுப்பக்கத்திலும் டிடிபி சென்டர், ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று பழைய சிபியுவை வைத்துத் தொழில் செய்பவர்களுக்காக இந்தப் பதிவு. விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து "இனிமே 10 ஓடாது, 11 போட்டாத்தான் வேலை நடக்கும்" என்று சொல்லிப் பணம் வாங்குவது அதிகமாகிவிட்டது. அந்தப் பேச்சே பொய். விண்டோஸ் 10 தொடர்ந்து ஓடும், பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் நிற்கும். விண்டோஸ் 10-ன் 22எச்2 (2022-ன் இரண்டாம் பாதியில் வந்தது என்று பொருள்) பதிப்பில் இருப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்தால், அந்த அப்டேட்டும் 2026 அக்டோபர் 13 வரை காசில்லாமல் கிடைக்கும்.

மேலூர் பக்கம் ஒரு டிடிபி கடை. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா பத்திரிகைகள் அடிக்கிற இடம். மெஷின் ஐ3-3220, எச்61 போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஓடிக்கொண்டிருந்தது முறையான லைசென்ஸ் உள்ள விண்டோஸ் 10 ஹோம். டவுனில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்ததற்கு "ஒரிஜினல் விண்டோஸ் 11 புரோ" 1,500, 256 ஜிபி எஸ்எஸ்டி 2,400, கூலி 600, ஆக 4,500 ரூபாய் வாங்கினார்கள். பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். திரும்பி வந்த மெஷினைத் திறந்து பார்த்ததில் தெரிந்தவை இவை.

முதலில் பதிப்பு. விண்டோஸ் சாவியையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி வின்வெர் (winver) என்று அடித்தால் தெரிந்துவிடும். அதில் விண்டோஸ் 11-ன் 22எச்2 என்று இருந்தது. விண்டோஸ் 11 ஹோம், புரோவில் 22எச்2-க்கு சப்போர்ட் 2024 அக்டோபர் 8-லேயே முடிந்துவிட்டது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோகும் என்று பயமுறுத்திப் பணம் வாங்கி, ஒரு வருடத்துக்கு முன்பே அப்டேட் நின்றுபோன ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் பழையதைப் போடுகிறார்கள்? 24எச்2-லிருந்து விண்டோஸுக்கு எஸ்எஸ்இ4.2, பாப்சிஎன்டி என்ற கட்டளைகள் பிராசசரில் கட்டாயம் வேண்டும். கோர் 2 டுவோ, கோர் 2 குவாடில் அவை இல்லை, பூட்டே ஆகாது. எல்லா மெஷினிலும் ஏறட்டும் என்று பழைய பதிப்பில் ஒரே பென்டிரைவைத் தயார் செய்து வைத்துக்கொண்டு, வருகிற மெஷினுக்கெல்லாம் அதையே செருகுகிறார்கள். ஐ3-3220-ல் 24எச்2 தாராளமாக ஓடும். போட்டிருந்திருக்கலாம்.

இதில் இன்னொன்றும் மறைக்கப்படுகிறது. விண்டோஸ் 11 முறையாகக் கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் செய்யவிடும் வசதி), இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். பழைய மெஷினில் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் ஏற்றுகிறார்கள். தாண்டுவது தப்பில்லை, சொல்லாமல் தாண்டுவதுதான் தப்பு. ஏனென்றால் அப்படி ஏற்றிய மெஷினில் மாதாந்திர அப்டேட் வழக்கமாக வந்தாலும், அதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. 22எச்2-லிருந்து 23எச்2, 24எச்2 என்ற பெரிய அப்டேட் தானாக வரவே வராது. ஒவ்வொரு தடவையும் புது ஐஎஸ்ஓ (விண்டோஸ் முழுதும் அடங்கிய ஃபைல்) இறக்கிக் கையால்தான் ஏற்ற வேண்டும். ஹோம், புரோ பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் 24 மாதம்தான். "ஒரு தடவை போட்டா லைஃப் லாங்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது லைசென்ஸ். விண்டோஸ் 10 ஹோம் லைசென்ஸ் அந்த மதர்போர்டோடு மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருக்கும். அதே போர்டில் விண்டோஸ் 11 ஹோம் போட்டு நெட் கொடுத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும், ஒரு ரூபாய் செலவில்லை. இவர்கள் புரோவைப் போட்டதால் லைசென்ஸ் பொருந்தவில்லை. அதை மறைக்கக் கேஎம்எஸ் கிராக் (லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் ஆனதுபோல் காட்டும் திருட்டுப் புரோகிராம்) ஓட்டியிருக்கிறார்கள். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் /எக்ஸ்பிஆர் (slmgr /xpr) என்று கொடுத்தால் முறையான வீட்டு லைசென்ஸுக்கு "நிரந்தரமாக ஆக்டிவேட் ஆனது" என்று வரும். தேதி போட்டு வந்தால் கேஎம்எஸ். அது 180 நாளுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டிய, பெரிய நிறுவனங்களுக்கான வழி. 2038 ஜனவரி 19 என்று காட்டினால் அதுவும் கிராக்தான். கிராக் பிடிபடாமல் இருக்க டிஃபெண்டரில் (விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ்) விதிவிலக்கும் போட்டிருந்தார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸுக்குள் எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர் அங்கே இருந்தால் அதற்குள் எந்த வைரஸ் உட்கார்ந்தாலும் ஸ்கேன் ஆகாது. வாடிக்கையாளர் ஆதாரை ஸ்கேன் செய்கிற கடை மெஷினில் இப்படிச் செய்வது பெரிய துரோகம்.

எஸ்எஸ்டி புதியதும் இல்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசப் புரோகிராமில் பவர் ஆன் ஹவர்ஸ் ஆயிரக்கணக்கில் காட்டியது. புதியதென்றால் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்.

எல்லாவற்றையும் விட வலித்தது, டெஸ்க்டாப்பில் இருந்த பத்திரிகை டிசைன்களும் பாமினி முதலான எழுத்துருக்களும் போனதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திருப்பித் தந்திருந்தால் எடுத்திருக்கலாம். "அது போயிடுச்சு, தூக்கிப் போட்டாச்சு" என்று பதில். பழைய டிஸ்க் உங்கள் பொருள். அதை வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

சரியாகச் செய்தால் இவ்வளவுதான் வேலை. டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டேலி டேட்டா, சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டர், இவற்றை வெளியே காப்பி எடுக்க வேண்டும். 8 ஜிபி அல்லது அதற்கு மேல் பென்டிரைவ், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிய ஐஎஸ்ஓ, அதைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் ரூஃபஸ் புரோகிராம். ரூஃபஸில் ஸ்டார்ட் அழுத்தியதும் வரும் பெட்டியில் ரேம், செக்யூர் பூட், டிபிஎம் நிபந்தனையை நீக்கும் கட்டத்தை டிக் செய்ய வேண்டும். ஏற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிட்டால் தவறுதலாக அழியாது. பழைய லைசென்ஸ் ஹோமா புரோவா என்று பார்த்து அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு வரும் பெரிய அப்டேட்டுக்கு ஐஎஸ்ஓவைத் திறந்து கமாண்ட் பிராம்ப்டில் செட்டப் /புராடக்ட் சர்வர் (setup /product server) என்று ஓட்டலாம். திரையில் சர்வர் என்று பெயர் வரும், ஏறுவது உங்கள் பதிப்புதான்.

4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11-ஐ ஓட்டாதீர்கள், 8 ஆக்குங்கள். 32 பிட் விண்டோஸ் 7 காலத்து பிரிண்டர், டாங்கிள் இருந்தால் 64 பிட் டிரைவர் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே இல்லை. கோர் 2 டுவோ வைத்திருப்பவர்களுக்கு சப்போர்ட் உள்ள விண்டோஸ் 11 ஹோம், புரோ எதுவுமே கிடையாது. பிரவுசிங்கும் டைப்பிங்கும் போதுமென்றால் விண்டோஸுக்குப் பதிலான இலவச சிஸ்டம் லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ போடலாம், 2029 வரை அப்டேட் வரும்.

கடையில் கொடுக்கும்போது பில்லில் பதிப்பு எண், ஹோமா புரோவா, எஸ்எஸ்டி சீரியல் நம்பர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வின்வெர், எஸ்எல்எம்ஜிஆர் திரைகளைத் தேதி தெரியப் போட்டோ எடுத்துக்கொண்டு, பணம் அனுப்பிய ஜிபே விவரத்தோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.