ஒரே காலமா, எல்லாக் காலங்களுமா? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் பழைய செங்கல் வீடுகள்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரத்துப் பழைய தெருக்களில் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடொன்றைச் சீரமைக்க முனைவோர் இரண்டு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். முகப்பும் வராந்தாவும் தகரக் கூரையும் முதலில் எழுந்த நாளைய தோற்றத்துக்கே வீட்டைத் திருப்புவது ஒரு வழி. பின்வந்தவர்கள் கட்டியது, இடித்தது, அடைத்தது அனைத்தையும் இருந்தபடியே காத்து, பார்வையாளருக்கு விளக்கிச் சொல்வது மற்றொரு வழி.

முதல் வழி சில இடங்களுக்குப் பொருந்தும். காந்தியின் நண்பரான கட்டடக் கலைஞர் ஹெர்மன் கல்லன்பாக் ஜோஹானஸ்பர்கில் 1907-இல் கட்டிய வீட்டில் காந்தி 1908, 1909 ஆண்டுகளில் அவருடன் தங்கியிருந்தார். பிரெஞ்சுப் பயண நிறுவனம் ஒன்று 2009-இல் அதை வாங்கி, 2011-இல் சத்தியாகிரக இல்லம் என்ற பெயரில் அருங்காட்சியகமாகவும் விருந்தினர் விடுதியாகவும் திறந்தது. காந்தி தங்கிய நாட்களை அறியவே மக்கள் அங்கு வருவதால், அந்தக் காலத்தை முன்னிறுத்துவதில் குறை காண இயலாது. டர்பனுக்கு அருகே ஃபீனிக்ஸ் குடியிருப்பில் இருந்த காந்தியின் 'சர்வோதயா' இல்லமோ 1985 கலவரத்தில் எரிந்தது. 2000-இல் திறக்கப்பட்டது புதிதாக எழுப்பிய வடிவமே. காப்பதற்கு எதுவும் எஞ்சாத இடத்தில் வேறு வழி ஏது?

புகழ்பெற்றவர் எவரும் வாழாத வீட்டின் நிலை வேறு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அத்தகைய வீடொன்றின் கதை இப்படி அமையலாம்: குடியேற்ற ஆட்சியின் அலுவலர் ஒருவர் முதலில் குடியிருந்திருப்பார், பின்னர் தமிழ் வணிகக் குடும்பம் ஒன்று வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ வாழ்ந்திருக்கும், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டம் அவர்களை இந்தியருக்கென ஒதுக்கிய நார்த்டேல் பக்கம் பெயர்த்திருக்கும், அதன்பின் அறைகள் தடுக்கப்பட்டு அலுவலகமாகியிருக்கும். ஒரே காலத்துக்குத் திருப்பும் திட்டம் முதலில் கைவைப்பது கொல்லைப்புறச் சமையலறைச் சாய்ப்பிலும், தடுப்புச் சுவரிலும், விளக்கு மாடத்திலும்தான். விக்டோரியா அழகு மீளும்; நம்மவர் வாழ்ந்த தடம் குப்பை வண்டியில் ஏறும்.

அந்தத் தடத்தைக் கண்டறிவது அத்தனை கடினமுமன்று. அடைத்த வாசலைச் சாந்தின் நிறமாற்றமே காட்டிக்கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் எண்ணெய் ஊறிய மாடத்தின் மீது எத்தனை முறை வெள்ளையடித்தாலும் கறை மேலே கசிந்து வரும். பழைய கட்டடங்களைக் காப்பதற்கான பன்னாட்டு நெறியான 1964-இன் வெனிஸ் சாசனமும், கட்டடத்தில் எல்லாக் காலத்தாரும் ஆற்றிய பங்கை மதிக்க வேண்டும், ஒருமித்த பாணி நோக்கமன்று என்றே கூறுகிறது. 60 ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தையோ அதன் பகுதியையோ அனுமதியின்றி மாற்றலாகாது என்பது 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டம். ஆக, 1950-களில் எழுந்த தடுப்புச் சுவரும் இன்று அந்தக் காப்புக்குள் வந்துவிட்டது. விண்ணப்பம் எழுதுவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

செலவிலும் வேகத்திலும் முதல் வழிக்கே சாதகம். மிடுக்கான முகப்பு வாடகையும் ஈட்டும். இரண்டாம் வழியில் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்துப் பதிவு செய்து, அங்கு வாழ்ந்த மூத்தவர்களின் நினைவுகளைக் கேட்டெழுதிய பிறகே வேலை தொடங்க முடியும். அப்படியிருந்தும், இத்தகைய வீடுகளுக்கு இரண்டாம் வழியே தகும் என்பது என் கருத்து. ஜோஹானஸ்பர்கின் அரசியலமைப்பு நீதிமன்றத்தைப் பழைய சிறை வளாகம் ஒன்றில் எழுப்பியபோது, இடித்த சிறைப் பகுதியின் செங்கற்களையே புதிய சுவர்களில் வைத்துக் கட்டினார்கள். சிறையின் செங்கல்லே ஒரு நீதிமன்றத்துக்குள் இடம்பெறுமென்றால், குடும்பம் ஒன்று எழுப்பிய சமையலறைக்கு அதன் சொந்த வீட்டில் இடமில்லாமல் போகாது.

எல்லாவற்றையும் காப்பது என்பதற்கும் ஒரு விலக்கு உண்டு: சிமென்ட் பூச்சு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மென்மையான செங்கல், நிலத்திலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சிமென்ட் அதைத் தடுக்கும்போது உப்பு உள்ளே பூத்துச் செங்கல்லின் முகம் உதிரத் தொடங்குகிறது. வரலாற்றுச் சான்றே ஆனாலும், சுவரைத் தின்னும் அந்தப் பூச்சை அகற்றிச் சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும். ஈரம் ஏறாத உட்சுவர் ஒன்றில் மட்டும் ஒரு முழ அகலத்துக்கு அதை விட்டுவைத்து, எந்தக் காலத்துப் பூச்சு என்று பக்கத்தில் எழுதிவைத்தால் போதும்.