பார் ஏறும் வேகத்தைச் சொல்லும் பெட்டி: ஒரு விமர்சனம்

இந்தக் கருவியின் அட்டைப்பெட்டியில் 'உங்கள் சோர்வை அளக்கிறது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மையல்ல. எடைப் பயிற்சியில் பார், அதாவது எடைத் தட்டுகள் மாட்டிய இரும்புத் தண்டு, மேலே ஏறும் வேகத்தை அளக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. அதனாலேயே எரிச்சலூட்டும் பல குணங்களையும் பொறுத்துக்கொண்டு இன்னும் வைத்திருக்கிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த வகைக் கருவிகள் எல்லாமே ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இயங்குகின்றன.

தரையில் வைக்கும் கனமான சின்னப் பெட்டி, உள்ளே சுருளில் சுற்றிய நூல். நூலின் நுனியைப் பாரில் மாட்டினால், ஒவ்வொரு ரெப்பிலும், அதாவது ஒவ்வொரு முறை தூக்கும்போதும், நூல் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிட்டு, விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று கைபேசியில் காட்டுகிறது. மணிக்கட்டில் கட்டும் உணரிகளும் கிடைக்கின்றன. கை அசைவதெல்லாம் பாரின் அசைவாகப் பதிவாகும் என்பதால் எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை.

இதன் உண்மையான பயன் செட்டை, அதாவது இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பை, எப்போது நிறுத்துவது என்று சொல்வதில் இருக்கிறது. பாரைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் நான் ஒருமுறை தூக்கக்கூடிய அதிகபட்சம் 120 கிலோ. 100 கிலோ வைத்தால் முதல் ரெப் வழக்கமாக 0.50 வேகத்தில் ஏறும். வேகம் 20 சதவீதம் குறைந்ததும், அதாவது 0.40-ஐத் தொட்டதும், பாரை அதன் தாங்கியான ரேக்கில் வைத்துவிடுகிறேன். இன்னும் ஒன்றிரண்டு ரெப் செய்ய உடம்பில் தெம்பு இருக்கும். இருக்கட்டும். 2017-இல் பரேஹா-பிளாங்கோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், 20 சதவீத இழப்பில் நிறுத்திய குழுவும் 40 சதவீதம் வரை இழுத்துக்கொண்டு போன குழுவும் ஸ்குவாட்டில் கிட்டத்தட்ட ஒரே அளவு வலிமை பெற்றன. முதல் குழு செய்த ரெப்களோ மிகக் குறைவு. அதே குழு குதிக்கும் உயரத்தில் கூடுதலாக முன்னேறியது; இரண்டாவது குழுவுக்குத் தசை பெருத்தது. எனக்கு வேண்டியது வலிமை. ஆகவே கடைசி இரண்டு ரெப்களுக்காக மூன்று நாள் கால் வலியைச் சுமக்க எனக்கு விருப்பமில்லை.

"இதையெல்லாம் ஆர்.பி.இ. வைத்தே செய்யலாமே" என்று என் பயிற்சித் தோழி கேட்கிறாள். ஆர்.பி.இ. என்பது நாமே உணரும் கடினத்துக்கு நாமே போடும் மதிப்பெண். பத்துக்கு எத்தனை கடினம், இன்னும் எத்தனை ரெப் மிச்சம் என்று குறிப்பேட்டில் எழுதுவது அவள் முறை. கனமான எடையில் அவள் சொல்வது சரி. தோல்வியின் விளிம்பில் நிற்கும்போது மிச்சம் ஒன்றா இரண்டா என்று அநேகமாக எல்லோருக்கும் தெரியும். நடுத்தர எடையில் ஐந்தாறு ரெப் மிச்சமிருக்கும்போதுதான் மனக்கணக்கு தடுமாறுகிறது. இந்தப் பெட்டி கைகொடுப்பது அங்கேதான். 90 கிலோ வார்ம்-அப் எனக்கு 0.58-இல் ஏற வேண்டும். 0.52 என்று காட்டினால், அன்று எவ்வளவு உற்சாகமாக வந்திருந்தாலும் ஒரு செட்டைக் குறைத்துவிடுவேன். காபி குடித்துவிட்டு வந்தால் எண் கொஞ்சம் உயரும் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

போட்டிக்கு முந்தைய வாரங்களில் இது இன்னும் சுவாரசியமானது. 1970-களில் உடற்பயிற்சி ஆய்வாளர் பானிஸ்டர் முன்வைத்த கணக்கின்படி, பயிற்சி நமக்கு உடல்தகுதியையும் சோர்வையும் ஒருசேரத் தருகிறது. சோர்வு சீக்கிரம் வடியும், தகுதி மெல்லக் கரையும். எடையைக் குறைக்காமல் செட்களை மட்டும் பாதியாக்கியபோது, அதே 100 கிலோ 0.47-இலிருந்து 0.54-க்கு ஏறியதைப் பார்த்தேன். அத்தனை குறுகிய காலத்தில் புதிதாக வலிமை முளைத்திருக்க வாய்ப்பில்லை. ஏற்கெனவே சேர்த்தது சோர்வின் அடியிலிருந்து வெளியே வந்தது. பயிற்சியை வேண்டுமென்றே குறைக்கும் டீலோட் வாரத்தில் கை துறுதுறுக்கும் என்னைப் போன்றவர்களை அடக்கி உட்காரவைக்க இந்த எண் உதவுகிறது.

இனி குறைகள். இன்றைய அதிகபட்சம் இவ்வளவு என்று வார்ம்-அப்பை வைத்தே செயலி ஆரூடம் சொல்கிறது. ஒரு நாள் 131 என்றது, அடுத்த முறை 117 என்றது. அந்தப் பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டேன். ரேக்கிலிருந்து பாரை எடுத்துப் பின்னால் நகர்வதையும் சில நேரம் ஒரு ரெப்பாக எண்ணிவிடுகிறது. பாருக்கு நேர் கீழே பெட்டியை வைக்காவிட்டால் நூல் சாய்ந்து அளவு பிசகும். பழைய பதிவுகளைப் பார்க்க மாதச் சந்தா கேட்பது அடாவடி. அந்த எண்களை உண்டாக்கியது என் முதுகு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு ரெப்பையும் முழு வேகத்தில் தள்ள மனம் வைத்தால்தான் அளவுக்கு அர்த்தம். சோம்பலாகத் தூக்கினால் அது சோம்பலைத்தான் அளக்கும். முழங்கால் முணுமுணுப்பதும் இதற்குக் கேட்காது. வேகம் அருமையாக இருந்த ஒரு நாளில் மூட்டு வலிக்காக நானே நிறுத்தியிருக்கிறேன்.

புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு எடை தானாகவே ஏறும். பல ஆண்டுகள் தூக்கி, இரண்டரை கிலோ கூட்டுவதற்கே மாதக்கணக்கில் போராடுகிறவர்கள் ஸ்குவாட்டுக்கும், படுத்தபடி பாரை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸுக்கும் தாராளமாக வாங்கலாம். இரண்டுக்கும் ஒரே எல்லையை வைக்காதீர்கள். அதிகபட்ச எடையில் ஸ்குவாட் பொதுவாக 0.3-ஐ ஒட்டி நிற்கும், பெஞ்ச் 0.17 அளவுக்கு இறங்கினாலும் பார் ஏறிவிடும். பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்டுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் யோசியுங்கள். அதில் என் எண்கள் செட்டுக்குச் செட் தாவுகின்றன, தட்டுகள் தரையில் மோதும் அதிர்வில் நூலின் கொக்கியும் இருமுறை கழன்றுவிட்டது.