58,500 ரூபா போச்சு: மடக்கி டெப் ஆக்கும் சின்ன லெப்டொப் வாங்கப் போகிறவர்கள் வாசியுங்கள்

நேற்று அந்தக் கடையிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் சீட் கிடைத்தும் உட்காரத் தோன்றவில்லை. அவ்வளவு ஆத்திரம். இன்றும் அடங்கவில்லை, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அம்மாவின் 58,500 ரூபாவை ஒரு கடைக்காரர் ஏமாற்றி வாங்கிக்கொண்டார். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு டவுன், பாவித்த லெப்டொப் விற்று ரிப்பேரும் செய்கிற கடை. அதற்கு மேல் சொல்லவில்லை. முறைப்பாடு கொடுக்கப்போகிறோம், இப்போது பெயரைப் போட்டால் அதற்கே இடைஞ்சலாகும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். நடந்ததை முதலில் சொல்லிவிட்டு, இப்படி ஒன்றை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

நாங்கள் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். நான் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். அம்மா இன்னமும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார். தங்கச்சிக்குப் பத்தனைக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அம்மா மாதம் 5,000 ரூபாச் சீட்டில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழியும். கணக்குப் போட்டால் 58,500 ரூபா என்பது 47 நாள் வேலை. அதுவும் 47 நாளும் கிலோ குறையாமல் எடுத்து முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழுந்தால்தான். மழைக்காலத்தில் அட்டைக்கடியோடு நின்று எடுத்தும் அரைப்பேர் விழுந்த நாட்கள் எனக்குத் தெரியும்.

ஏன் இந்த மாதிரி லெப்டொப் என்று கேட்பீர்கள். தங்கச்சி கேட்டது நியாயமான காரணத்துக்குத்தான். மெயின் ரோட்டில் இறங்கி எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெரிய லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஏறினால் தோள் போய்விடும். 11.6 அங்குலத் திரை உள்ள இந்தச் சின்ன மெஷின் ஒரு கிலோவுக்குச் சற்றுத்தான் கூட. மூடியை முழுதாகப் பின்னால் திருப்பினால் டெப் ஆகிவிடும், நோட்ஸைப் புத்தகம் மாதிரிப் பிடித்து வாசிக்கலாம். கூடாரம் மாதிரி நிறுத்தி வைத்தால் பிள்ளைகளுக்குப் படம் காட்டலாம். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போகும்போது அது பெரிய உதவி. பெட்டரி நின்றால் அதைவிட நல்லது, ஏனென்றால் எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பிளக் பொயின்ட், காற்றும் மழையும் வந்தால் கரண்டும் போகும்.

அந்தக் கடைக்காரர் வட்ஸ்அப்பில் விபரம் அனுப்பினார். 4 ஜிபி ரெம், 128 ஜிபி ஸ்டோரேஜ், விண்டோஸ் 11 போடலாம், பேனாவால் எழுதலாம், எட்டு மணித்தியாலம் பெட்டரி. விலை 59,000. சீட்டு விழுந்த அடுத்த சனிக்கிழமை அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேரும் போனோம்.

அந்த நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எங்களை உட்கார வைத்துப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். என்னை "தங்கச்சி, தங்கச்சி" என்றே கூப்பிட்டார். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும், "நானும் தோட்டத்துப் புள்ளதாம்மா. எங்க அம்மாவும் கொழுந்தெடுத்துத்தான் என்னயப் படிக்க வச்சாங்க. ஒங்களுக்குப் போய்ப் பொய் சொல்லுவேனா?" என்றார். அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

மெஷினைத் துணியால் துடைத்து, திருப்பி டெப் ஆக்கி, அம்மாவின் மடியிலேயே வைத்தார். அம்மா விரலால் தொட்டார். திரை எடுக்கவில்லை. இன்னொரு தரம் தொட்டார், அப்போதும் எடுக்கவில்லை. கொழுந்தெடுத்துக் காய்ப்புப் பிடித்து வெடித்த விரல் அது, காய்ந்த தோலை இந்தத் திரைகள் பல நேரம் எடுக்காது. அம்மா வெட்கப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். உடனே அவர் ரப்பர் முனை வைத்த பேனா ஒன்றைக் கொடுத்து, "இதால ஒங்க பேர எழுதுங்கம்மா" என்றார். அம்மா மெதுவாக, சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடுகிற அதே எழுத்தில், தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் எதைக் கேட்போம்? செட்டிங்ஸைத் திறந்து காட்டச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை, தெரியவும் தெரியாது. சி டிரைவ் சின்னதாக இருக்கிறதே என்று தங்கச்சி மட்டும் கேட்டாள். "மிச்சம் எல்லாம் டி டிரைவ்ல இருக்கு, பிரிச்சு வச்சிருக்கோம்" என்றார். அம்மா கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார். "அம்மாவுக்காக 500 குறைக்கிறேன்" என்று 58,500ஐ எண்ணி வாங்கினார். பில்லில் "லெப்டொப் 1" என்று மட்டும் எழுதி, ஆறு மாத வாரண்டி என்று சீல் அடித்தார். அதன் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன். பெட்டரி, திரை, கீபோர்ட், சார்ஜர், சொஃப்ட்வெயார் எதற்கும் வாரண்டி கிடையாதாம். இதையெல்லாம் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? அந்தப் பேனாவும் பெட்டிக்குள் இல்லை. போன் எடுத்துக் கேட்டதற்கு, அது கடையில் காட்டுவதற்கு வைத்திருப்பது என்றார்.

முதல் பத்து நாள் ஓடியது. மெதுவாகத்தான், ஆனால் ஓடியது. எட்டு மணித்தியாலம் என்ற பெட்டரி ஒரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் நின்றது. டெப் ஆகத் திருப்பினால் கீபோர்ட் தானாக நிற்க வேண்டும், இது நிற்காது, பின்னால் பிடிக்கிற விரல் பட்டு எழுத்து தானாக விழும். தங்கச்சி அதையும் பொறுத்துக்கொண்டாள். பிறகு கூடப் படிக்கிற பிள்ளையிடமிருந்து விரிவுரை வீடியோக்கள் இருபது ஜிபிக்கு மேல் டி டிரைவில் கொப்பி பண்ணினாள். எல்லாம் ஏறியதாகக் காட்டியது. பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, பாதிக்கு மேல் திறக்கவில்லை. அதே டிரைவில் வைத்திருந்த அவளுடைய பாடத்திட்டங்களும் ஒப்படையும் திறக்கவில்லை. தான்தான் ஏதோ பிழையாக அழுத்திவிட்டோம் என்று பிள்ளை இரண்டு நாள் எங்களிடம் சொல்லாமலே அழுதிருக்கிறாள். அம்மாவின் காசைப் பாழாக்கிவிட்டேன் என்று நினைத்தாளாம்.

பக்கத்து லயத்துத் தம்பி ஒருவன் கொழும்பில் கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை செய்கிறான். தீபாவளிக்கு லீவில் வந்தவனிடம் காட்டினோம். ஐந்தே நிமிடம். பக்கவாட்டில் ஒட்டியிருந்த கறுப்பு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தான். உள்ளே மெமரி கார்ட். அதை அழுத்தியதும் வெளியே வந்தது, டி டிரைவ் காணாமல் போய்விட்டது. இந்த மெஷினின் சொந்த ஸ்டோரேஜ் 32 ஜிபி, அதுவும் போர்டிலேயே பற்றவைத்த இஎம்எம்சி என்கிற சிப், மாற்றவோ கூட்டவோ முடியாது. கணினியில் அது 29 ஜிபி சொச்சம் என்றுதான் காட்டும், அதில் பெரும்பகுதியை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். சரி, கார்டாவது நல்லதா என்று எழுதி வாசித்துச் சோதித்துப் பார்த்தான். 128 ஜிபி என்று பெயர்தான், உண்மையில் கொள்வது 16 ஜிபிகூட இல்லை. அதற்கு மேல் போடுகிறதெல்லாம் ஏறியதாகக் காட்டும், உள்ளே எதுவும் நிற்காது.

பெட்டரி அறிக்கை எடுத்தான். தயாரித்தபோது 37,000 மில்லிவாட் மணி பிடித்தது இப்போது 12,400தான் பிடிக்கிறது. புரொசெசர் செலரோன் என்3350, 2016இல் வந்தது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் அது இல்லை. குறைந்தது 64 ஜிபி ஸ்டோரேஜும் வேண்டும், இதில் அதுவும் இல்லை. உள்ளே இருந்த விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. பேனாவை விட்டால், கடைக்காரர் வட்ஸ்அப்பில் சொன்னதில் அந்த 4 ஜிபி ரெம் ஒன்றுதான் உண்மை.

அப்புறம்தான் அலைச்சல் தொடங்கியது. முதல் தரம் போன் எடுத்தபோது, "தங்கச்சி, அது பார்க்கக் கார்ட் மாதிரித்தான் தெரியும், ஆனா உள்ளுக்குள்ள இருக்கிறதுதான்" என்றார். உரித்து எடுத்த கார்டைப் படம் பிடித்து அனுப்பினேன். டெக்னீஷியன் லீவு, அடுத்த கிழமை பேசுவோம் என்றார். அடுத்த கிழமை, கொண்டு வாங்க என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். கொழும்புக்கு அனுப்பியிருக்கிறது என்று பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்ப வாங்கப் போனபோது கடையில் இருந்த பையன் சொஃப்ட்வெயார் போட்டதற்கு 1,800 ரூபா கேட்டான். தங்கச்சியின் பரீட்சை கிட்டியிருந்ததால் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் வந்து பார்த்தால் அதே 29 ஜிபி. பக்கவாட்டில் புதுக் கறுப்பு ஸ்டிக்கர், அதற்குள் வேறொரு கார்ட். 58,500 போதாதென்று மேலே 1,800.

அதன் பிறகு மெசேஜுக்கு நீலக் கோடு விழும், பதில் வராது. வேறு நம்பரிலிருந்து எடுத்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்.

நேற்று லீவு போட்டுவிட்டு நேரே போனேன். இந்த முறை தங்கச்சி என்று கூப்பிடவில்லை. "மேடம், பாவிச்ச சாமான் அப்படித்தான் இருக்கும். இந்தக் காசுக்கு வேற என்ன எதிர்பார்க்கிறீங்க?" என்றார். இந்தக் காசுக்கு! 128 என்று நீங்கள்தானே எழுதி அனுப்பினீர்கள் என்று போனைக் காட்டினேன். "128 காட்டுச்சா இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அடுத்த ஆள் ஓர் அப்பா, கூட வெள்ளை யூனிஃபோர்மில் உயர்தரம் படிக்கிற வயதில் ஒரு பையன். மேசையில் அதே அளவு மெஷின், கூடாரம் மாதிரி நிறுத்தி வைத்திருந்தது. அந்த ரப்பர் முனைப் பேனாவும் பக்கத்திலேயே இருந்தது. "நானும் தோட்டத்துப் புள்ளதான் அண்ணே" என்று தொடங்கினார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்காதீங்க அண்ணே, எங்க அம்மாவோட 58,500 ரூபா போச்சு, பக்கத்துல இருக்கிற ஸ்டிக்கர உரிச்சுப் பாருங்க" என்று சத்தமாகவே சொன்னேன். பையன்கள் இரண்டு பேர் வந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். அந்த அப்பா என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். வாங்கினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நேற்று 1977க்கு அழைத்தேன், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சொன்ன உத்தரவாதத்துக்கு மாறான பொருளென்றால் வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்பது நாள். "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று அவர் இழுத்தது எதற்கென்று இப்போது புரிகிறது. உங்களிடமும் யாராவது இப்படி இழுத்தால் அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், நேரம் இல்லை. இவ்வளவையாவது பாருங்கள். காசு கொடுக்கும் முன் கார்ட் போடுகிற ஓட்டையைத் திறந்து, கார்ட் இருந்தால் எடுத்துவிட்டு ஸ்டோரேஜ் எவ்வளவு என்று பாருங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணித்தியாலமாவது ஓடவிடுங்கள். டெப் ஆகத் திருப்பி கீபோர்ட் நிற்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். மொடல், ரெம், ஸ்டோரேஜ், சீரியல் நம்பர் எல்லாம் பில்லில் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். வட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், எங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

தங்கச்சி ஒப்படையை இப்போது போனில் டைப் பண்ணிக்கொண்டிருக்கிறாள். அம்மா ஒன்றும் கேட்பதில்லை. மெஷினைத் துணியில் சுற்றி சாமித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். கடிதம் எழுதி முடித்துவிட்டேன், பில் கொப்பியும் எடுத்தாயிற்று. தபால் கந்தோர் பூட்டும் முன் பதிவுத் தபாலில் போட வேண்டும், பத்து நிமிடத்தில் பஸ். பதில் வந்ததும் வந்து எழுதுகிறேன்.