பெட்டியைப் பார்த்து டிப்பர் வாங்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள்

பழைய பத்துச் சக்கர டிப்பர் வாங்கப் போகிறவர்கள், அதுவும் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கிரஷர் ஓட்டத்துக்கு எடுக்கிறவர்கள், இதை வாசித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு இதில் போனது ஐந்தரை லட்சமும் பதினோரு மாதமும். ரிப்பேர் செலவு தனி.

நான் லாரிக்காரன் இல்லை. சவூதியில் பதினாலு வருஷம் எலெக்ட்ரீஷியன். ஊருக்கு வந்து, கையில் இருந்ததை என்ன செய்யலாம் என்று யோசித்தபோது மச்சினன்தான் டிப்பர் யோசனையைச் சொன்னான். அவன் ஆறு சக்கர வண்டியில் டிரைவர். சித்திரங்கோடு பக்கத்துக் கிரஷர்களிலிருந்து குலசேகரம், அருமனை, திருவட்டாறு என்று வீடு கட்டும் இடங்களுக்கு எம்-சாண்டும் ஜல்லியும் அடிக்கலாம், தினம் மூன்று நடை உறுதி என்றான்.

நாகர்கோவில் பக்கம் ஒரு புரோக்கர் யார்டில் வண்டி நின்றது. விலை 14.5 லட்சம். அதே வருஷத்து மற்ற வண்டிகளைவிட ரெண்டு, ரெண்டரை லட்சம் குறைவு. ஏன் குறைவு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, சந்தோஷப்பட்டேன். புரோக்கர் டீ வாங்கிக் கொடுத்தார், இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார், பெட்டியை முழுசாகத் தூக்கி இறக்கிக் காட்டினார். ஆறு யூனிட் பெட்டி, ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. அடியில் எல்லாம் புதுசாகக் கறுப்புப் பெயிண்ட், கையில் ஒட்டும் அளவுக்குப் புதுசு. நான் குனிந்தபோது, "அண்ணாச்சி, சட்டையில பெயிண்ட் ஆயிரப் போவுது. அடியில என்ன இருக்கு, பத்து டயரும் பட்டையும்தான். போகி வண்டியாக்கும், கண்ண மூடிட்டு எடுங்க" என்றார். போகி என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

முதல் வாரமே சாயம் வெளுத்தது. கிரஷரில் லோடு ஏற்றிவிட்டு மேட்டில் ஏறும்போது வண்டி நின்றுவிட்டது. கடைசிச் சக்கரம் ஒரு கல் மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதற்கு முன்னால் இருக்கிற சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் சுற்றுகிறது. ரப்பர் கருகுகிற வாடை. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கிறது. ஹிட்டாச்சி ஓட்டுகிற பையன் பக்கெட்டால் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். அப்புறம் இறங்கி வந்து ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, "எண்ணே, இது ரோட்டு வண்டியாக்கும். இதுக்கு ஆரு டிப்பர் பெட்டி வச்சது?" என்று கேட்டான்.

அவன் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்ததை அந்த விலை கொடுத்த நான் பார்க்கவில்லை. மச்சினனும் பார்க்கவில்லை, அவன் ஓட்டியதெல்லாம் பின்னால் ஒரே ஆக்ஸில் இருக்கிற வண்டி.

விஷயம் இதுதான். கம்பெனியிலிருந்து டிப்பராகவே வருகிற பத்துச் சக்கர வண்டியில் பெரும்பாலும் பின்னால் போகி சஸ்பென்ஷன் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் ஒரே பெரிய பட்டைக் கட்டு (ஸ்டீல் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங்), கவிழ்த்துப் போட்ட வள்ளம் மாதிரி வளைவு மேலே பார்த்து இருக்கும். அதன் நடுப்பகுதி பின்பக்கத்து இரண்டு ஆக்ஸிலுக்கும் இடையில் ஒரு தண்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு முனை முன் ஆக்ஸிலையும் மறுமுனை பின் ஆக்ஸிலையும் தாங்கும். பிள்ளைகள் ஆடும் சீசாவேதான். ஒரு சக்கரம் பத்து சென்டிமீட்டர் கல்லில் ஏறினால் நடுவில் சேஸிஸ் ஏறுவது ஏறக்குறைய ஐந்துதான், அடுத்த சக்கரம் தரையை விடாது. இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் வரும் முறுக்கைப் பட்டை தாங்க வேண்டியதில்லை, அதற்கென்று டார்க் ராடுகள் இருக்கும். இரண்டு ஆக்ஸிலும் இழுக்கும்.

என் வண்டி தார் ரோட்டில் சிமென்ட்டும் அரிசியும் ஏற்றப் பிறந்தது. ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் தனித்தனிப் பட்டை, சிரிக்கிற வாய் மாதிரி வளைவு கீழே பார்த்து. இரண்டு கட்டுக்கும் நடுவே தராசு போல ஆடுகிற ஒரு துண்டு. அது ஆட இடம் கொஞ்சம்தான், ரோட்டுப் பள்ளத்துக்கு அது போதும். கடைசி ஆக்ஸில் டம்மி, இழுக்காது. டம்மி ஆக்ஸில் கல்லில் ஏறிவிட்டால் பாரமெல்லாம் அதன் மேல் போய்விடும், இழுக்கிற ஆக்ஸில் லேசாகிச் சும்மா சுற்றும்.

இதைச் சொல்லும்போது போகிதான் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். களியக்காவிளை வரை தார் ரோட்டிலேயே ஓடித் தார் ரோட்டிலேயே இறக்குகிறவருக்கு ரோட்டு சஸ்பென்ஷன் நல்லது. வண்டியின் சொந்த எடை குறையும், டயர் கூடுதல் நாள் வரும், வெறும் வண்டியில் முதுகு உடையாது. போகி கனம், காலியாகப் போகும்போது குதிக்கும், நடுத்தண்டு புஷ்ஷுக்கு கிரீஸ் மறந்தால் தேய்ந்துவிடும். பட்டைக்குப் பதில் ரப்பர் கட்டை வைத்த போகியும் உண்டு. ரப்பர் நம்ம ஊர்ச் சரக்கு என்ற பெருமையில் கேட்டேன், விலை கேட்டதும் பெருமை போய்விட்டது. நம்ம ஓட்டம் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. என் ஓட்டம் குவாரிக் குழியும் ரப்பர் தோட்டத்து மண்பாதையும். அதைப் புரோக்கரிடம் தெளிவாகச் சொல்லித்தான் வண்டி கேட்டேன்.

மூன்றாம் மாதம் இடது பக்கம், பட்டைகளைக் கோர்த்து ஆக்ஸிலை இடத்தில் நிறுத்துகிற சென்டர் போல்ட் அறுந்தது. ஆக்ஸில் ரெண்டு விரல் பின்னால் நழுவி, வண்டி நண்டு மாதிரி சரிந்தே ஓடியது. டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இங்கேதான் இரண்டாவது ஏமாற்று. புரோக்கரே ஒரு பட்டைப் பட்டறையைக் காட்டினார். "பக்கத்துக்கு ரெண்டு பட்டை கூடப் போட்டா போகி மாதிரி நிக்கும், புதுப் பட்டை, 38,000 ரூபா" என்றார்கள். போட்டேன். ஆறு வாரத்தில் அதில் ஒன்று முறிந்தது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு வயசான ஆசானிடம் கொண்டுபோனேன். அவர் முறிந்த துண்டைத் தேங்காய் எண்ணெய் கேன் மேல் வைத்து, கறுப்புப் பெயிண்டைக் கத்தியால் சுரண்டினார். அடியில், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு விரல் வைத்தால் இறங்குகிற பள்ளம்: அடுத்த பட்டை வருஷக்கணக்கில் உரசிய தடம். நடு ஓட்டை வட்டமாக இல்லை, முட்டை மாதிரி நீண்டிருந்தது. கம்பெனி முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கிரைண்டர் ஓட்டிய கீறல். "புதுசா மக்களே இது? பழச அடிச்சு வளைச்சு பெயிண்ட் அடிச்சிருக்கான்" என்றார். பழைய பட்டையைச் சும்மா அடித்து வளைத்தால் பார்க்க வளைவு திரும்பும், ஸ்டீலின் உயிர் திரும்பாது. சரியான சூட்டில் காய்ச்சிப் பதம் போட வேண்டும் என்றார். பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டுகிற யு போல்ட்டும் பழையதே. கூடுதல் பட்டையின் தடிமனுக்கு நீளம் போதாமல் நட்டுக்கு மேல் ஒரு இழைகூட மிச்சமில்லை. யு போல்ட்டைக் கழற்றினால் புதுசுதான் போட வேண்டுமாம், ரெண்டு லோடு ஓடியதும் மறுபடி முறுக்கவும் வேண்டுமாம். பட்டறையில் இதை யாரும் சொல்லவில்லை.

அவர் டார்ச் அடித்துக் காட்டிய இன்னொன்றுதான் வயிற்றைக் கலக்கியது. பட்டையைக் கூட்டிக் கெட்டியாக்கியதால் குழியில் விழும்போது வரும் அதிர்வு முழுவதும் பட்டையைச் சேஸிஸில் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்குப் போய், அதற்கு மேலே சேஸிஸில் ஒரு விரல் நீள விரிசல். மெலிந்த இடத்தைப் பலப்படுத்தினால் உடைப்பு அடுத்த இடத்துக்கு நகரும், அவ்வளவுதான். இதற்கிடையில் சர்வீஸ் ஸ்டேஷனில் மாதம் ஒருமுறை பட்டைக்கு டீசல் அடித்து வேறு விட்டிருந்தோம். ரப்பர் புஷ் எல்லாம் ஊறி உப்பியிருந்தது. ரப்பருக்கும் டீசலுக்கும் ஆகாது என்பது ரப்பர் ஊர்க்காரன் எனக்கே தெரியவில்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆர்சியில் மொத்த எடை 25,000 கிலோ. 2018-இல் மூன்று ஆக்ஸில் லாரிக்கு 28.5 டன் வரை உயர்த்தினார்கள் என்பதைக் காட்டிப் புரோக்கர் பேசினார், ஆனால் பிடித்தால் பார்ப்பது உங்கள் ஆர்சியில் உள்ள எண்ணை. வண்டி மட்டும் 10 டன். மிச்சம் 15 டன். எம்-சாண்ட் ஒரு யூனிட் சுமார் நாலரை டன். கணக்குப்படி மூன்று யூனிட்டுக்கு மேல் ஏற்றக் கூடாத வண்டிக்கு ஆறு யூனிட் பெட்டி வைத்திருக்கிறார்கள். நானும் ஐந்து யூனிட் வரை ஏற்றினேன். எல்லாரும் ஏற்றுகிறார்கள் என்றுதான் ஏற்றினேன். சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. எனக்கு அது விழாதது அதிர்ஷ்டம். பட்டை முறிந்ததில் பாதிப் பங்கு என்னுடையது.

வண்டியை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தது திருவட்டாறு பக்கம் ஒரு வீட்டு மனையில். மழை விட்ட மறுநாள். பெட்டி முக்கால்வாசி தூக்கியிருக்கிறது, ஈர மணல் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. இடது பின் சக்கரம் மெதுவாக மண்ணில் இறங்குகிறது. பெட்டி சாய்வது மதில் சுவரை வைத்துப் பார்த்தால் தெரிகிறது, ஒரு சாண், ஒன்றரைச் சாண். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா துணி காயப் போடுகிறார். நான் கத்திய கத்தலில் அவர் பக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினார். மச்சினன் லீவரை விட்டு பெட்டியை இறக்கினான். மணலை ஆளை வைத்து மண்வெட்டியால் தள்ளி இறக்கினோம். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

புரோக்கரிடம் போய் நின்றேன். போகி என்று சொன்னதற்குச் சாட்சி உண்டா என்றார். அப்புறம் குரலை மாற்றி, "மூணு லட்சம் தாங்க, போகியே மாத்திரலாம்" என்றார். அதில் விழ இருந்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் தோண்டுவது அதைத்தான் என்று ஆசான் தடுத்தார்.

வாங்கப் போகிறவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு போங்கள். டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். பின்னால் இரண்டு ஆக்ஸிலிலும், இன்ஜின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் உருண்டை இருக்கிறதா, பட்டை வள்ளமா சிரிப்பா என்பது ரெண்டு நிமிஷ வேலை. ஆர்சியில் 'டிப்பர்' என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம், மாடல் பெயரைப் பாருங்கள். உதாரணத்துக்கு, பழைய டாடா வண்டிகளில் எல்பிடி என்றால் சரக்கு வண்டி, எல்பிகே என்றால் டிப்பர். அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டாலும் மாடல் தெரியும். போகியாகவே இருந்தாலும் பாரையைக் கொடுத்து நெம்பி நடுத்தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் புதுப் பெயிண்ட் இருந்தால் சுரண்டச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள், முகத்திலேயே பதில் வந்துவிடும். முக்கியமாக, என்ன சஸ்பென்ஷன் என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வண்டியை 9 லட்சத்துக்குக் கொடுத்தேன். வாங்கியவர் பெட்டியைக் கழற்றி ரோட்டு வண்டியாக்கப் போகிறேன் என்றார். விரிசல் உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தேன். போன வாரம் தோட்டியோடு பக்கம் போகும்போது அதே வண்டியை ஒரு யார்டில் பார்த்தேன். பெட்டி அப்படியே இருக்கிறது. அடியில் மறுபடியும் கறுப்புப் பெயிண்ட். யாராவது பார்க்கப் போனால், இடது பக்கக் கடைசி பிராக்கெட்டுக்கு மேலே சேஸிஸைத் தடவிப் பாருங்கள். ஒரு விரல் நீளத்துக்கு வெல்டிங் மேடு கையில் தட்டுப்படும்.